தேரும் தெருவும்

நடைவண்டி செத்துப்போய்விட்டது என்று யாராவது அழ ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அழுகிறார். இலக்கியக் கூட்டத்தில் தலைமை வகிப்பவர் அழுகிறார். காலையில் உலாவப் போனால் பூங்கா பெஞ்சியில் நாலு பேர் சேர்ந்து அழுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம்தான். "அந்தக் காலத்திலே நடைவண்டி என்ன, நுங்கு வண்டி என்ன, மரக்குதிரை என்ன! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? கையிலே செல்போன் இருந்தால் போதும்." சொல்லி முடித்து ஒரு பெருமூச்சு. அப்புறம் பாயசம்.

நான் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நடைவண்டி சாகவில்லை. எந்தத் திருவிழாக் கடைக்காவது போய்ப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் பூசி வரிசையாக நிற்கிறது. அம்பாசமுத்திரத்து மரக் கடைசல்காரர்கள் இன்னும் கடைகிறார்கள். கடைக்குப் போகச் சோம்பலாயிருந்தால், நீங்கள் கரித்துக்கொட்டுகிற அதே செல்போனில் சொல்லுங்கள், வாசலில் கொண்டுவந்து போடுவார்கள். நுங்கும் சாகவில்லை. பனைமரத்தை வெட்டவேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. சித்திரை வந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் குலை குலையாக வெட்டி வைத்து விற்கிறார்கள். தின்ற கூந்தல் இரண்டும் ஒரு குச்சியும் ஒரு கவைக்கோலும் இருந்தால் வண்டி தயார்.

செத்தது வண்டி அல்ல, ஐயா. தெரு.

அதற்கு மட்டும் ஒருவரும் அழக் காணோம். காரணம் எளிது. வண்டி செத்தது என்றால் காலத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம். தெரு செத்தது என்றால், கொன்றது யார் என்று கேட்க வேண்டிவரும். கேட்டால், கொன்றவனுடைய சாவி நம்முடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது.

அழுகிறவர்களில் கொஞ்சம் படித்தவர்கள் உடனே சங்க காலத்துக்குப் போய்விடுவார்கள். "ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே நம் குழந்தைகள் தேர் உருட்டினார்கள், தெரியுமோ?" தெரியும். அவர்களும் அந்தப் பாட்டை முழுக்கப் படித்திருந்தால் நன்றாயிருக்கும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. உலர்த்திய தானியத்தைக் கோழி கொத்துகிறது. வீட்டுப் பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி அதன்மேல் எறிகிறாள். குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிக்கொண்டு குழந்தை வருகிறது. குறுக்கே கிடக்கிற குழை தேரின் வழியை மறிக்கிறது. பொன்னை எறிகிற செல்வத்தைக் காட்டிப் புலவர்கள் வியப்பார்கள். எனக்கு வியப்பு வேறு. அந்த ஊரில் ஒரு குழந்தையின் தேரைத் தடுத்து நிறுத்தக்கூடிய பொருள் என்று புலவர் கண்டது ஒரு காதணியைத்தான்.

அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். அது காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. அதாவது ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று எந்த மண்ணில் இருக்கின்றனவோ, அந்தத் தொண்டை நாட்டுப் பாட்டு. அதில் உழவர் வீட்டுக் குழந்தைகள் தேர் உருட்டுகிறார்கள். ஏறிப் போகிற தேர் அல்ல, உருட்டுகிற தேர். உருட்டி உருட்டிக் களைத்துப்போய், பால் குடித்துப் படுக்கையில் தூங்கிவிடுகிறார்கள். குறுந்தொகையில் தும்பிசேர் கீரனாரும் இதையே சொல்லுகிறார். தச்சன் செய்த சின்னக் குதிரை வண்டியில் பிள்ளைகள் ஏறிப் போவதில்லையாம். கையால் இழுத்துக்கொண்டு போவதிலேயே இன்பம் அடைகிறார்களாம்.

இதிலே ஒரு விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். மூன்று பாட்டிலும் குழந்தை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. வண்டியோடு நடக்கிறது, ஓடுகிறது, களைக்கிறது. நடப்பதற்கு நிலம் வேண்டும். வண்டியில் பாதியைத்தான் தச்சன் செய்தான். மறுபாதி வாசலுக்கு வெளியே கிடந்தது.

நடைவண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். அதற்குத் திரும்பத் தெரியாது. நேரே போகும். முட்டினால் நிற்கும். பின்னாலிருந்து யாராவது தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். ஆகவே அதற்கு நீளம் வேண்டும். நுங்கு வண்டிக்கு ஓட்டம் வேண்டும். மெதுவாகப் போனால் கோணிக்கொண்டு விழுந்துவிடும். பனைமட்டையில் ஒருவன் குந்திக்கொள்ள மற்றவர்கள் இழுத்துப்போவதற்கு மணலும், கொஞ்சம் சரிவும், நாலு கூட்டாளிகளும் வேண்டும். பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்கைப் பலகைக்கு அடியில் மாட்டிப் பையன்கள் ஓட்டினார்களே, கிண்டி, அம்பத்தூர்ப் பக்கத்தில் அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதற்கு வழவழப்பான சிமெண்டுச் சரிவு வேண்டும். இவற்றில் ஒன்றுக்காவது பிரேக் இருந்ததா? கிடையாது. தெருவிலிருந்த மணல்தான் பிரேக். எதிரே வருவது ஒரு மாட்டுவண்டி. அதுவும் ஆள் நடக்கிற வேகத்தில் வரும். வண்டிக்காரன் "ஏலே, ஒத்து!" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல்தான் போக்குவரத்துச் சட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஞாபகங்களில் எல்லாரும் வண்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இழுத்தவன் யார் என்று கேட்டால் பதில் வராது. எங்கள் தெருவில் மூன்று சக்கர சைக்கிள் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டுப் பையன் உட்காருவான். தெருக்கோடி வரைக்கும் நாலு பேர் மாற்றி மாற்றித் தள்ளுவோம். விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் அம்மா கூப்பிடுவதற்குள் தள்ளினவனுக்கு ஒரு சுற்று கிடைத்தால் அதிர்ஷ்டம். பெண் குழந்தைகளுக்கு அந்த ஒரு சுற்றும் இல்லை. அவர்கள் இடுப்பில் தம்பி இருப்பான். பெரும்பாணாற்றுப்படைக்காரர் இதிலும் கெட்டிக்காரர். அந்தத் தேர், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்து ஆசைப்படும்படி இருந்தது என்கிறார். செய்தது அப்பன், ஆசைப்பட்டது பிள்ளை, உருட்டினது வேறு வீட்டுக் குழந்தை! சூத்திரகனின் மிருச்சகடிகத்திலும் சாருதத்தன் மகன் மண் வண்டி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருந்த தங்க வண்டிதான் வேண்டும் என்று அழுகிறான். ஆகவே பழைய காலம் பொற்காலம் என்று என்னிடம் வராதீர்கள். ஆனால் தள்ளினவனுக்கும் தெரு இருந்தது. சைக்கிள் இல்லாதவன் அதன் பின்னால் ஓடுவதற்கு வரி கட்டவில்லை.

இனி பென்னலூருக்கு வருவோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கிட்டே இருக்கிற ஊர். என்ஜினீயரிங் கல்லூரி ஒன்று இருப்பதால் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெயர் தெரியும். இருங்காட்டுக்கோட்டை பக்கத்திலேயே. அங்கேதான் 1998-இல் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது. 2012-இல் டைம்லர் லாரி வந்தது, 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் மட்டும் இன்று ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல் கார்கள் உண்டாகின்றன. உலகத்தில் மனிதன் ஏறிப் போவதற்கான வண்டிகளை இவ்வளவு நெருக்கமாகச் செய்கிற இடங்கள் அதிகம் இல்லை. தச்சர்களின் தேசம் என்றே சொல்லலாம்.

தச்சர்களின் தேசத்தில் குழந்தைகள் எங்கே வண்டி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கலாமே என்று போனேன். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஊர். சந்துக்கு ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்கள், மறுபக்கம் வாடகைக் கார்கள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஒன்று. ஒரு வீட்டில் இரும்புக் கம்பி அடைத்த தாழ்வாரம், எட்டடி இருக்கும். உள்ளே ஒன்றரை வயதுப் பையன் புது நடைவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நாலு எட்டு வைப்பான்; கம்பியில் முட்டும். ஆயா எழுந்து வந்து திருப்பி வைப்பாள். நாலு எட்டு, சுவரில் முட்டும். திருப்பி வைப்பாள்.

"வாசலில் விடக்கூடாதா, அம்மா?" என்றேன்.

"எங்க சார் வுடறது? வண்டி வந்துகினே கீது. ஏரிக்கரைக்கு இட்டுனு போலாம்னா ரோட்டைத் தாண்டணும். பெரியவனே தாண்ட பயப்படறான்."

"பையனுடைய அப்பா?"

"கம்பெனியிலதான். நைட் ஷிப்ட்டு. காருக்குக் கதவு மாட்டற வேலை" என்றாள் பெருமையாக. பிறகு பையனைத் திருப்பி வைத்துவிட்டு, "நாலஞ்சு தபா முட்டிச்சின்னா அவனே குந்திக்குவான்" என்றாள்.

தொழிற்சாலைகளை மூடிவிட வேண்டும் என்று சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். அந்தப் பெருமையை நான் பார்த்தேன். ஏரித் தண்ணீரை நம்பி ஒரு போகம் விளைந்த பூமியில் மாதச் சம்பளம் என்பது என்னவென்று, அதில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு "பாழாய்ப்போன தொழிற்சாலை" என்று எழுதுகிறவர்கள் எழுதிவிட்டுக் காரில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நான் கேட்பது வேறு. லாரி திரும்புவதற்கு எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கண்டெய்னர் நிற்பதற்கு இடம் விட்டார்கள். செய்து முடித்த கார்கள் வெயிலில் வரிசையாக நிற்பதற்கு ஏக்கர் கணக்கில் தளம் போட்டார்கள். விற்காத காருக்கு நிற்க இடம் இருக்கிறது. கதவு மாட்டுகிறவனுடைய பிள்ளைக்கு எட்டடிக்கு மேல் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டபோது அவன் எந்தக் கட்டத்தில் வந்தான்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலம் பொதுவுக்குத் திறந்தவெளியாக விடவேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று புரோக்கர்கள் வாயில் அடிபடுவது அதுதான். ஆனால் 10,000 சதுர மீட்டர் வரைக்கும், நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடவும் வழி வைத்திருக்கிறார்கள். ரசீது கிடைக்கும். ரசீதின்மேல் நடைவண்டி ஓட்டிய குழந்தை உண்டா?

பொம்மையின்மேல் சர்க்காருக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் பொய். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுப் பொம்மைகளுக்குச் சுங்க வரியை 2020-இல் நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆக்கினார்கள். 2023-இல் 70 ஆக்கினார்கள். நல்ல காரியந்தான். முனை குத்துமா, சாயத்தில் ஈயம் இருக்குமா, பொடிச் சாமான் தொண்டையில் அடைக்குமா என்றெல்லாம் சோதித்து அனுப்புகிறார்கள். அப்படிச் சோதித்த வண்டி எந்தத் தெருவில் உருளவேண்டுமோ அந்தத் தெருவுக்கு எந்த முத்திரை? 2022 என்கிற ஒரே வருஷத்தில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இது சர்க்காரே வெளியிட்ட கணக்கு.

வசதியுள்ள வீடுகளில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டரியில் ஓடுகிற கார். அசல் கார் மாதிரியே விளக்கு, ஹாரன், சினிமாப் பாட்டு எல்லாம் உண்டு. குழந்தை உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. ஆனால் கார் திரும்புவது அப்பா கையிலுள்ள ரிமோட்டைக் கேட்டு! குழந்தை இடது பக்கம் திருப்பும். வண்டி வலது பக்கம் போகும். முதல் இரண்டு நாள் அது ஆச்சரியப்படும். அப்புறம் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொள்ளும். மூன்று வயதில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடந்தானா அது? தவழுகிற குழந்தையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த 'வாக்கர்' இன்னொன்று. வளைகாப்பு முடிந்த கையோடு யாராவது அதைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள். படியில் உருண்டு குழந்தைகள் அடிபடுகின்றன, நடை வருவதும் பிந்துகிறது என்று கனடா தேசத்தில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம்முடைய நடைவண்டி அந்த ஜாதி அல்ல. அது குழந்தையைச் சுமக்காது. குழந்தைதான் அதைத் தள்ளவேண்டும்.

"அதற்கென்ன செய்வது, காலம் மாறிவிட்டது, காரைத் திரும்ப அனுப்ப முடியுமா?" என்பார்கள். முடிந்த இடத்தைச் சொல்கிறேன். ஹாலந்து தேசம். 1971-இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் மூவாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் சும்மா இருக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்றே தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கி மறித்தார்கள். 1976-இல் சட்டமே வந்தது: குடியிருப்புத் தெரு என்று பலகை வைத்த இடத்தில் குழந்தைகள் நடுத்தெருவில் விளையாடலாம், கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரவேண்டும். நம் மாட்டுவண்டியின் வேகந்தான் அது! இங்கிலாந்தில் அதற்கும் முன்னாலேயே, 1938-இல், குறிப்பிட்ட தெருக்களை வண்டிகளுக்கு அடைத்துப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விடுவதற்குப் பார்லிமெண்டில் சட்டம் செய்தார்கள். அவர்களும் கார் செய்கிறவர்கள்தாம். வாங்குகிறவர்கள்தாம்.

நமக்குத் தெருவை அடைக்கத் தெரியாதா என்ன? அதில் நம்மைப்போல் நிபுணர் உலகத்திலேயே கிடையாது. கல்யாண ஊர்வலத்துக்கு அடைக்கிறோம். சாவுக்கு ஷாமியானா போட்டு அடைக்கிறோம். கட்சி மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னதாகவே அடைக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் சித்திரையில் உடையவர் உற்சவத்துக்குத் தேர் வருகிறபோது எந்த மோட்டாராவது குறுக்கே போகுமா? தேர் என்றால் வீதி அதற்குத்தான். கோயில் கட்டினவர்கள் தேரைச் செய்துவிட்டு, "எங்கேயாவது ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடவில்லை. அது திரும்புவதற்கு இடம் விட்டு நாலு வீதியையும் அமைத்தார்கள்.

அந்த ஊரில் 1017-இல் அவதரித்ததாகச் சொல்லப்படும் ராமாநுஜரைப்பற்றி வைணவப் பெரியோர் ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகள் தெருப் புழுதியில் கோடு கிழித்துக் கோயில் என்று வைத்துக்கொண்டு விளையாடினார்களாம். மண்ணையே பிரசாதம் என்று அவரிடம் நீட்டினார்களாம். அவர் விழுந்து சேவித்து வாங்கிக்கொண்டாராம். கதையின் தத்துவார்த்தம் பெரியோருக்கு. என் கண்ணில் படுவது ஒன்றுதான். அவ்வளவு பெரிய ஆசாரியர் அந்த வழியாக வந்தபோது, பிள்ளைகளைத் தெருவை விட்டு ஒத்திப் போகும்படி யாரும் சொல்லவில்லை.

பென்னலூர்க்காரர்களுக்கு வேண்டியது பெரிய பார்க் அல்ல, நீச்சல்குளம் அல்ல. ஏரிக்கரைக்குப் பயமில்லாமல் கடந்துபோக ஒரு வழி. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஊருக்குள் ஒரு தெரு. ஷிப்டு வேன் நிற்பதற்கு ஊருக்கு வெளியே ஓர் இடம். ஏழு லட்சம் காருக்கு வழி கண்ட மூளைகளுக்கு இது ஒரு கணக்கா? ஊராட்சி கேட்க வேண்டும், கம்பெனிகள் கொடுக்க வேண்டும், கலெக்டர் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் ஆயாக்கள் நடைவண்டிகளோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கே வரட்டும். அங்கே நல்ல அகலமான இடம் இருக்கிறது.

நகரத்து நேயர்களுக்கு அவ்வளவு தூரம் கூட வேண்டாம். உங்கள் பேரனுக்கு நடைவண்டி வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலை மறித்துக்கொண்டு, உறை போட்டு மூடி, வாரத்தில் ஆறு நாள் நகராமல் நிற்கிறதே உங்கள் கார், ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறீர்கள்?